எஸ்பி (சேவிங்ஸ்) அக்கவுண்ட்ல சும்மா கிடக்குற பணம்: ஸ்வீப்பா, போஸ்ட் ஆபீஸா, ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்கா?

அப்பா ராஜபாளையத்துல ஒரு மில்லுல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்து ரிட்டயர் ஆனாரு, பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேந்து வந்ததுல தங்கச்சி கல்யாணக் கடன அடைச்சது போக 6 லட்சம் மிச்சம், அத அப்படியே எஸ்பி அக்கவுண்ட்லயே விட்டு வச்சிருந்தாரு. 2025 அக்டோபர்ல பாஸ்புக்ல என்ட்ரி போட்டுட்டு வந்து, கண்ணாடிய நெத்திக்கு தூக்கி விட்டுட்டு, "ஏப்பா, மூணு மாசத்துக்கு இவ்வளவுதானா?"ன்னு நீட்டுனாரு. ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் வட்டி 3,781 ரூபா. கணக்குல தப்பு இல்ல, 6 லட்சத்துக்கு 2.5 சதவீதம்னு 92 நாளுக்கு போட்டா அதேதான் வருது. எனக்கு அன்னைக்கு வயிறு எரிஞ்சது. அதே பேங்க்ல நகைக்கடன் வாங்கப் போனா 9, 10 சதவீதம் கேப்பாங்க, நம்ம காசுக்கு மட்டும் ரெண்டரை.

இது திடீர்னு வந்ததும் இல்ல. 2011 அக்டோபர் வரைக்கும் எஸ்பி வட்டிய ரிசர்வ் பேங்க்தான் நிர்ணயம் பண்ணுச்சு, அப்ப 4 சதவீதம். அப்புறம் நீங்களே வச்சுக்கங்கன்னு பேங்க்குகிட்ட விட்டாங்க, போட்டி வந்து வட்டி ஏறும்னு அப்ப சொன்னாங்க, ஒண்ணு ரெண்டு தனியார் பேங்க் ஏத்தவும் செஞ்சாங்க. ஆனா பெரும்பாலான ஜனங்க கணக்கு வச்சிருக்குற ஸ்டேட் பேங்க் 2017-ல 3.5-க்கு இறக்குச்சு, 2020-ல 2.7, 2025 ஜூன்ல 2.5. பெரிய தனியார் பேங்க்குகளும் அதே ஜூன்ல அதே 2.5-க்கு வந்துட்டாங்க. அதனால ஒரு பெரிய பேங்க்ல இருந்து இன்னொரு பெரிய பேங்க்குக்கு மாத்துறதுல பிரயோஜனமே இல்ல, அத முதல்லயே ஒதுக்கிட்டேன்.

அடுத்து ஆட்டோ ஸ்வீப். ஃப்ளெக்ஸி, மோட்னு பேங்க்குக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க, விஷயம் ஒண்ணுதான். ஒரு அளவுக்கு மேல இருக்குற பணம் தானா எஃப்டியா (ஃபிக்ஸட் டெபாசிட்) மாறிக்கும், ஏடிஎம்ல எடுத்தா தேவையான அளவுக்கு மட்டும் எஃப்டி உடையும். ஒரு வருஷ எஃப்டி வட்டி 6 சதவீதத்த ஒட்டி இருக்கு, சீனியர் சிட்டிசனுக்கு அரை சதவீதம் கூட. நடுவுல உடைச்சா எத்தன நாள் கிடந்துச்சோ அதுக்கான வட்டிதான், அதுலயும் கொஞ்சம் பிடிப்பாங்க, ஏழு நாளுக்குள்ள எடுத்தா ஒண்ணும் கிடையாது. அடிக்கடி எடுத்துப் போடுறவங்களுக்கு இதுல பெருசா மிஞ்சாது, ஆஸ்பத்திரி செலவுக்குன்னு ஒரு தொகைய தொடாம வச்சிருக்குறவங்களுக்கு இத விட வசதியானது இல்ல. ஆனா நாமளா கேட்டாதான் போட்டுத் தருவாங்க, பல பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. அப்பா பிராஞ்சுக்குப் போயி இதக் கேட்டதுக்கு, உக்கார வச்சு காபி வாங்கிக் குடுத்து, வருஷம் ஒரு லட்சம் வீதம் அஞ்சு வருஷம் கட்டுற இன்சூரன்ஸ் பாலிசி நோட்டீஸ கையில குடுத்து அனுப்பிருக்காங்க. சம்பாத்தியம் நின்னு போன மனுஷன்கிட்ட அஞ்சு வருஷம் பிரீமியம் கட்டச் சொல்றது எவ்வளவு பெரிய அநியாயம். அந்த நோட்டீஸ நான்தான் கிழிச்சுப் போட்டேன்.

போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் இன்னும் 4 சதவீதம் தருது, குறைஞ்சது 500 ரூபா இருந்தா போதும், அரசாங்கமே பொறுப்பு. இதுல கவனிக்க வேண்டியது வட்டி கணக்கு போடுற முறை. பேங்க்ல 2010 ஏப்ரல்ல இருந்து தினசரி பேலன்ஸுக்கு வட்டி, போஸ்ட் ஆபீஸ்ல இன்னும் பழைய முறைதான், 10-ம் தேதியில இருந்து மாசக் கடைசி வரைக்கும் எது குறைஞ்ச பேலன்ஸோ அதுக்குத்தான் வட்டி. 12-ம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாசம் வட்டியே கிடையாது, 28-ம் தேதி பாதிய எடுத்தா மிச்சத்துக்குத்தான் வரும். அதனால போடுறதா இருந்தா 10-க்குள்ள போட்ருங்க.

ஆனா 60 தாண்டினவங்களுக்கு நான் முதல்ல சொல்றது அங்கயே இருக்குற சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம்தான். 8.2 சதவீதம், 30 லட்சம் வரைக்கும் போடலாம், அஞ்சு வருஷம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ வட்டி கைக்கு வரும். போடுற அன்னைக்கு என்ன வட்டியோ அதுதான் அஞ்சு வருஷமும், இடையில ரிசர்வ் பேங்க் ரெப்போவ (பேங்க்குகளுக்கு அது குடுக்குற கடனுக்கான வட்டி) எவ்வளவு குறைச்சாலும் நம்மள தொடாது. அதே 6 லட்சத்துக்கு எஸ்பில வருஷம் 15,000, இதுல 49,200. ரெண்டுக்கும் நடுவுல 34,200 ரூபா, எங்க வீட்டுக்கு அது ரெண்டு மாச மளிகையும் கரண்ட் பில்லும். குறை இல்லாம இல்ல, ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா வட்டியே கிடையாது, குடுத்தத அசல்ல பிடிச்சிருவாங்க, ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா அசல்ல ஒன்றரை சதவீதம், அதுக்கு மேலன்னா ஒரு சதவீதம் போயிரும். மொத்தத்தையும் இதுல பூட்டிட்டு அவசரத்துக்கு முழிக்கக் கூடாது.

ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க் பத்தி நிறைய பேரு கேக்குறாங்க. ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் உள்ளதுதான், எஃப்டிக்கு பெரிய பேங்க்க விட கூட வட்டி, எஸ்பிக்கும் கூடத்தான், ஆனா போர்டுல பெருசா போட்டிருக்குற அந்த சதவீதம் பெரும்பாலும் சில லட்சத்துக்கு மேல இருக்குற தொகைக்குத்தான், முதல் லட்சத்துக்கு என்னன்னு கேளுங்க. டெபாசிட் இன்சூரன்ஸ், அதாவது பேங்க் மூழ்கிப் போனா நமக்கு கிடைக்குற காப்பீடு, ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல அசலும் வட்டியும் சேத்து 5 லட்சம் (2020 பிப்ரவரிக்கு முன்னாடி ஒரு லட்சம்தான்). அதனால வட்டியும் சேந்து 5 லட்சத்துக்குள்ள நிக்கிற மாதிரி 4 லட்சம் வரைக்கும் தாராளமா போடலாம், அதுக்கு மேல நான் போட மாட்டேன்.

தமிழ்நாடு பவர் ஃபைனான்ஸ், போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழக டெபாசிட்னு நம்ம ஊர் பென்ஷன்காரங்க விரும்பிப் போடுறது, அரசு கம்பெனி, வட்டியும் நல்லாருக்கும், ஆனா அந்த 5 லட்சம் இன்சூரன்ஸ் இதுக்கு கிடையாது. மாசம் 20, 30 சதவீதம் தர்றேன்னு யாராச்சும் வந்தா வாசல்லயே அனுப்பிருங்க, ஆருத்ரா கோல்டு கம்பெனியில பணம் போட்டு 2022-ல எத்தன குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சுன்னு பாத்தோம்ல, பேங்க் வட்டி இவ்வளவு குறைஞ்சதும் ஜனங்க அங்க போயி விழுந்ததுக்கு ஒரு காரணம்னு நான் உறுதியா நம்புறேன்.

கடைசியில அப்பாவுக்கு சீனியர் சிட்டிசன் திட்டத்துல 4.5 லட்சம், ஸ்வீப்ல 1 லட்சம், போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ்ல 50,000. சீனியர் சிட்டிசன் திட்டத்துக்கு போஸ்ட் ஆபீஸ்ல ஒரு லட்சத்துக்கு மேலன்னா செக்காதான் வாங்குவாங்க, அப்பாகிட்ட செக் புக்கே இல்ல, எழுதிக் குடுத்து வர பத்து நாள் ஆச்சு, நீங்க போறதுக்கு முன்னாடியே அத வாங்கி வச்சுக்கங்க, ரெண்டு போட்டோ, ஆதார், பான் ஜெராக்ஸும். நாமினி பேர ஃபார்ம்ல எழுதுறப்ப அப்பா அம்மாவோட இனிஷியல ரெண்டு தடவ சரி பாத்தாரு. ஏப்ரல் 1-ம் தேதி முழு மூணு மாச வட்டி 9,225 வரும், அத வாங்கிட்டு வந்து அம்மாவுக்கு கண் ஆபரேஷனுக்கு எடுத்து வைக்கணும்னு இப்பவே சொல்லிட்டு இருக்காரு.