அண்ணா நகரில் மூச்சு டெஸ்ட்: தாராளமாகப் போகலாம்

மூச்சிரைப்புக்காக அம்மாவை மதுரை அண்ணா நகரில் ஒரு நுரையீரல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊத வைத்து மூச்சை அளக்கும் டெஸ்ட், எடுத்த பெண் தங்கமானவர். மூக்கில் கிளிப்பை மாட்டிவிட்டு, "நல்லா இழுங்கம்மா, இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாம ஊதுங்க" என்று கூடவே நின்று, அம்மா பாதியில் இருமி நிறுத்தியபோதெல்லாம் முகம் சுளிக்காமல் தண்ணீர் கொடுத்துத் திரும்ப ஊத வைத்தார். அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஒரு சுற்று. மருந்துக்கு மூச்சுக்குழாய் விரிகிறதா என்று அதில்தான் தெரியும்.

எம்ஆர்ஐ எடுத்தால் காற்று போகிற வழி தெரியாதா என்று டாக்டரிடம் கேட்டேன். நிதானமாக விளக்கினார்: சாதாரண எம்ஆர்ஐ உடம்பில் உள்ள ஹைட்ரஜனை வைத்துத்தான் படம் எடுக்கிறது, காற்று நிறைந்த நுரையீரலில் அது குறைவு என்பதால் கறுப்பாகத்தான் விழும், அதற்காகவே காந்தத்தன்மை கூட்டிய செனான்-129 வாயுவை இழுக்க வைத்து, எங்கே காற்று போகிறது, எங்கே போகவில்லை என்று பார்க்கிறார்கள், அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அதற்கு அனுமதி கிடைத்தது. அம்மாவுக்கு அதெல்லாம் தேவையே இல்லை என்று அவரே சொன்னது ரொம்பப் பிடித்தது.

குறை என்றால், டோக்கன் வாங்கியும் காத்திருப்பு அதிகம். இன்ஹேலர் எடுப்பவர்கள் டெஸ்ட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் நிறுத்த வேண்டும் என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.