ரைஃபிள் 'பெர்மிட் பேக்கேஜ்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்: 385 டாலர் கொடுத்து ஏமாந்த கதை

வேட்டை என்றாலே முகம் சுளிப்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்துபோன சமாச்சாரம் அது என்று எனக்கும் தெரியும். நான் இருப்பது டெக்சஸ். இங்கே நவம்பர் பிறந்தால் ஆபீசில் பாதிப் பேர் மான் வேட்டைக்கு லீவு போடுவார்கள். அப்படி ஒரு நண்பரோடு சும்மா வேடிக்கை பார்க்கப் போனவன், இப்போது சொந்தமாக ஒரு .308 ரைஃபிள் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

என் மனைவியின் தம்பி நியூஜெர்சியில் இருக்கிறான். ஏற்கெனவே இரண்டு முறை ரைஃபிளோடு தென்னாப்பிரிக்கா போய் வந்தவன். போன வருடம், "அத்தான், லிம்போபோவுல தெரிஞ்ச பண்ணை இருக்கு. ஏழு நாள். இம்பாலா கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தா குடூ மானும் கிடைக்கும். வாங்க" என்றான். சரி என்றேன். பண்ணைக்காரர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, கடைசியில் என் மானத்தைக் காப்பாற்றியதே அவர்கள்தான். காகித வேலையையும் மச்சானிடமே கேட்டுச் செய்திருக்கலாம். அவனிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று ஒரு வீம்பு, கூடவே சோம்பேறித்தனம். ஒரு வேட்டைக் கண்காட்சியில் ஸ்டால் போட்டிருந்த பயண ஏஜென்டின் கார்டு மேஜை டிராயரில் கிடந்தது. எடுத்துப் போன் போட்டேன்.

டிக்கெட் தனி. துப்பாக்கிக்கு 'பெர்மிட் பேக்கேஜ்' 385 டாலர். அதில் மூன்று வேலை என்றார்கள்: துப்பாக்கி நம்முடையதுதான் என்று காட்டும் அமெரிக்கச் சுங்கத்துறையின் 4457 ஃபாரம், துப்பாக்கியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவர தென்னாப்பிரிக்கப் போலீசிடம் கொடுக்கும் 520 ஃபாரம், அதற்கு ஜோகன்னஸ்பர்க்கில் முன் அனுமதி. "நான் எங்கேயாவது நேரில் போக வேண்டியிருக்குமா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "எங்கேயும் வேண்டாம், கையெழுத்து மட்டும் போட்டால் போதும்" என்றார் அந்தப் பக்கம் பேசியவர். அந்த ஒரு பதிலுக்காகத்தான் பணம் கட்டினேன் என்று இப்போது புரிகிறது.

முதல் சகுனம் டிக்கெட்டிலேயே தெரிந்தது. ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாறிப் போகிற மாதிரி போட்டு அனுப்பியிருந்தார்கள். மச்சானிடம் பெருமையாகக் காட்டினேன். "அத்தான், துப்பாக்கியோட ஆம்ஸ்டர்டாம்ல மாறணும்னா நெதர்லாந்து சுங்கத்துறைகிட்ட முன்னாடியே அனுமதி வாங்கணுமே, வாங்கிட்டாங்களா?" என்றான். வாங்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே ஏஜென்டுக்குத் தெரியவில்லை. நாம் தரையில் கால் வைக்காவிட்டாலும் நம் பெட்டி அந்த நாட்டில் இறங்கி ஏறுகிறது, அந்த நாட்டுச் சட்டம் அதன்மேல் பாயும். நடுவில் பெட்டியை நாமே எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தாலோ, ராத்தங்கல் இருந்தாலோ இன்னும் மோசம். அட்லாண்டாவிலிருந்தும் நியூவார்க்கிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க்குக்கு நேர் விமானம் இருக்கும்போது துப்பாக்கிக்காரனை ஐரோப்பா சுற்ற விடுவதே தப்பு. டிக்கெட்டை அட்லாண்டா வழியாக மாற்ற 240 டாலர் கூடுதலாக அழுதேன். அன்றே இவர்களை விட்டிருக்க வேண்டும். கட்டிய 385 டாலர் வீணாகிவிடுமே என்று விடவில்லை.

இரண்டு வாரத்தில் ஃபாரங்கள் கூரியரில் வந்தன. அழகான நீலக் கோப்பு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர். 4457-ல் என் பெயர், முகவரி, ரைஃபிளின் தயாரிப்பு, கேலிபர், சீரியல் நம்பர், ஸ்கோப்பின் நம்பர்கூட டைப் அடித்திருந்தார்கள். 520-ம் அப்படியே. கூடவே ஏஜென்டின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், அதில் தடித்த எழுத்தில் 'முன் அனுமதி எண்' என்று எட்டு இலக்கம். ஸ்டிக்கர் இருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் திருப்தி. மனைவிகூட, "பரவாயில்லையே, கல்யாணப் பத்திரிகை மாதிரி பண்ணிக் கொடுத்திருக்கான்" என்றாள்.

சான் அன்டோனியோ விமான நிலையத்தில் எல்லாம் வெண்ணெய் மாதிரி போனது. அதுதான் என்னை இன்னும் ஏமாற்றியது. கவுன்டரில் துப்பாக்கி இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். குண்டு ஏற்றாமல், பூட்டிய கெட்டியான பெட்டியில், செக்-இன் சாமானாக மட்டும்தான் போகும். 'குண்டு ஏற்றப்படவில்லை' என்ற அட்டையில் கையெழுத்துப் போட்டுப் பெட்டிக்கு உள்ளே வைப்பார்கள். உள்ளே துப்பாக்கி இருப்பதாக வெளியே சீட்டு ஒட்டச் சொல்லி விமான நிறுவனம் கேட்க அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை, யாராவது ஒட்ட வந்தால் தடுங்கள். சோதனைக்காரர் பெட்டியின் மூலையை நெம்பிப் பார்த்தார், விரல் நுழைகிறதா என்று. நுழையவில்லை. தோட்டா மூன்று டப்பா, அறுபது ரவுண்ட், வேறொரு பெட்டியில். சர்வதேச விமானத்தில் ஆளுக்கு 5 கிலோதான் வரம்பு, என்னுடையது இரண்டு கிலோகூட வரவில்லை. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. நீலக் கோப்பை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்க வேண்டும்? விமான நிறுவனத்துக்கு அது வேலையில்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கினால் ரைஃபிள் பெட்டிகள் மற்ற சாமான்களோடு பெல்ட்டில் சுற்றி வராது. நேராகப் போலீசின் துப்பாக்கி அலுவலகத்துக்குப் போய்விடும், நாம் அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். நியூவார்க்கிலிருந்து வந்த மச்சான் எனக்கு முன்னால் நின்றான். அவன் கோப்பு கசங்கிய பழுப்புக் கவர். உள்ளே பாஸ்போர்ட் நகல், திரும்பும் டிக்கெட், பண்ணையின் அழைப்புக் கடிதம், எதற்காக இந்தத் துப்பாக்கி என்று அவனே எழுதிய ஒரு பக்கக் கடிதம், கறுப்பு மையில் கையால் நிரப்பிய 520. அதிகாரி ரைஃபிளை எடுத்து, நம்பரை டார்ச் அடித்துப் பார்த்து, 4457-ஐப் புரட்டினார். பிறகு பேனாவை நீட்டினார். அவன் அங்கேயே கையெழுத்துப் போட்டான். முடிந்தது.

என் முறை. நீலக் கோப்பைப் பெருமையோடு வைத்தேன். அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி, அவசரமே இல்லாதவர். 4457-ஐ எடுத்தார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். பிறகு அதன் கீழ்ப்பகுதியில் விரலை வைத்தார். அங்கே ஒரு வெற்று இடம். "சீல் எங்கே?" என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. பக்கத்தில் மச்சான் தன் காகிதத்தை எடுத்துக் காட்டினான். அதே இடத்தில் வட்ட முத்திரை, அமெரிக்கச் சுங்க அதிகாரியின் கையெழுத்து, தேதி. "அத்தான், நீங்க ரைஃபிளை எடுத்துட்டுப் போய்க் காட்டலையா?" என்று தமிழில் கேட்டான். அந்தக் குரலில் இருந்த ஆச்சரியத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். 4457 என்பது நாம் நிரப்பிக் கொடுக்கும் விண்ணப்பம் இல்லை. ரைஃபிளைச் சுங்கத்துறை அலுவலகத்துக்கு நேரில் எடுத்துப் போக வேண்டும். அதிகாரி துப்பாக்கியில் உள்ள நம்பரையும் காகிதத்தில் உள்ள நம்பரையும் ஒப்பிட்டு, நம் கையெழுத்தை அவர் எதிரிலேயே வாங்கி, அவரும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். அந்த முத்திரை இல்லாவிட்டால் அது வெறும் டைப் அடித்த தாள். அமெரிக்காவில் துப்பாக்கிக்கு நாடு தழுவிய உரிமப் புத்தகம் எதுவும் கிடையாது. அதனால் அமெரிக்காவிலிருந்து வருபவரிடம் 'இது உன் துப்பாக்கிதான்' என்பதற்குத் தென்னாப்பிரிக்கப் போலீஸ் கேட்பது இந்த ஒரு தாளைத்தான். கடையில் வாங்கிய ரசீது போனில் இருந்தது, காட்டினேன். தலையை ஆட்டினார்.

520-ல் நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அது அவர் முன்னால் போட வேண்டிய கையெழுத்து. அது மட்டும்தான் குறை என்றால் புது ஃபாரம் கொடுத்து நிரப்பச் சொல்லியிருப்பார். கடைசி ஆயுதமாக அந்த எட்டு இலக்க 'முன் அனுமதி எண்'ணை நீட்டினேன். கம்ப்யூட்டரில் பார்த்தார், ஒரு பெரிய நோட்டில் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "இது எங்கள் எண் இல்லை" என்றார் சாதாரணமாக. மச்சான் என் டிக்கெட் பிரின்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தான். மேல் மூலையில் ஏஜென்டின் புக்கிங் நம்பர். அதே எட்டு இலக்கம்.

ரைஃபிளும் தோட்டாவும் போலீஸ் காப்பறைக்குப் போயின. ஒரு ரசீது கொடுத்தார்கள். அந்த அம்மாவை நான் குறை சொல்லவே மாட்டேன். கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை, சட்டம் என்னவோ அதைச் செய்தார்.

பண்ணையில் நாளுக்கு 50 டாலர் வாடகைக்கு ஒரு ரைஃபிள் கொடுத்தார்கள், தோட்டாவுக்குத் தனிக் காசு. நல்ல துப்பாக்கிதான். ஆனால் பழகாத துப்பாக்கி பழகாத செருப்பு மாதிரி. இரண்டு நாள் குறிப்பலகையில் சுட்டுப் பார்ப்பதிலேயே போனது. இம்பாலா ஒன்று கிடைத்தது. குடூ மச்சானுக்கு.

திரும்பும்போது ரைஃபிளை மீட்க நான்கு மணி நேரம் முன்னதாகவே போனேன், கொடுத்துவிட்டார்கள். பயம் அட்லாண்டாவில்தான். சொந்த உபயோகத்துக்கு 3 துப்பாக்கி, 1000 தோட்டா வரை லைசென்ஸ் இல்லாமல் வெளியே கொண்டுபோக அமெரிக்கா விடுகிறது. ஆனால் கிளம்பும்போது சுங்கத்துறையிடம் காட்டி, சொல்லிவிட்டுப் போக வேண்டும். நான் காட்டவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு சின்ன அறையில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடை ரசீது, போலீஸ் காப்பறை ரசீது எல்லாம் பார்த்துவிட்டு எச்சரித்து அனுப்பினார்கள். வேறொரு அதிகாரியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. 385 டாலர் போனது ஒரு பக்கம், தெரியாமலே என்னைச் சட்டத்தை மீற வைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வந்த மறுவாரமே இங்கே உள்ள சுங்கத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து நேரம் கேட்டேன். ரைஃபிளைப் பூட்டிய பெட்டியில் காரிலேயே வைத்துவிட்டு முதலில் உள்ளே வந்து சொல்லுங்கள் என்றார்கள். அப்படியே செய்தேன். நம்பரைப் பார்த்தார், கையெழுத்து, டப்பென்று முத்திரை. பத்து நிமிடம். கட்டணம் எவ்வளவு என்று கேட்டதற்கு அந்த ஆள் சிரித்தார். ஒன்றுமில்லை. தென்னாப்பிரிக்காவின் 520-க்கும் கட்டணம் கிடையாது.

எல்லா ஏஜென்டும் திருடன் என்று சொல்ல வரவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் வந்து அழைத்துக்கொண்டு, முன் அனுமதியும் நிஜமாகவே வாங்கித் தந்து, வரிசையில் கூட நிற்கும் ஆட்கள் உண்டு. மச்சான் முதல் தடவை அப்படி ஒருவரை வைத்துக்கொண்டுதான் போனான். ஆனால் அவர்களாலும் 4457-ல் முத்திரை வாங்கித் தர முடியாது, ரைஃபிளும் நாமும் நேரில் போனால்தான் கிடைக்கும். 'நீங்கள் எங்கேயும் போக வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். இன்னொன்று, ஃபாரத்தின் மேல் மூலையில் அச்சான ஒரு காலாவதித் தேதி இருக்கும். அது அந்த அச்சுப் பதிப்புக்கான தேதி, ஆனால் அங்குள்ள போலீஸ் அதை அனுமதிக்கான தேதியாகப் படித்துத் தகராறு செய்ததுண்டு. போகும்போது புதுப் பதிப்பில் வாங்கிக்கொண்டு போங்கள்.

பதிவுக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம், ஆனால் நம் ஆட்களுக்குத் தேவை: சுடப் போகும்போது எடுத்துப்போகிற பையை ஊருக்குப் போகும்போது தொடாதீர்கள். மடிப்பில் ஒற்றைத் தோட்டா கிடந்து சென்னை ஏர்போர்ட் ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு, பாஸ்போர்ட் கோர்ட்டில். மறந்துவிட்டேன் என்று சொல்லி உடனே வெளியே வர முடியாது.

ஏஜென்டுக்கு மெயில் போட்டேன். 'ஆவண உதவிக் கட்டணம் திருப்பித் தரப்படாது, அடுத்த பயணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி தருகிறோம்' என்று பதில். அடுத்த பயணமாம். கிரெடிட் கார்டு கம்பெனியில் புகார் கொடுத்தேன். போன வாரம் அங்கிருந்து ஒரு கவர் வந்தது: சேவை முழுமையாக வழங்கப்பட்டது, வாடிக்கையாளர் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார் என்று ஏஜென்ட் பதில் கொடுத்திருக்கிறார். அதற்கு ஆதாரமாக இணைத்திருப்பது 520 ஃபாரத்தின் நகல், கடைசிப் பக்கம். மஞ்சள் ஸ்டிக்கர் இருந்த இடத்தில், போலீஸ் அதிகாரி முன்னால் போட வேண்டிய என் கையெழுத்து.