பின்பார்த்தா, முன்பார்த்தா? கூடை சீட்டைத் தாண்டிய பிள்ளைக்கு அடுத்த கார் சீட்

பிள்ளை பிறந்ததும் வாங்கிய கூடை சீட்டில் தலை விளிம்பை முட்டத் தொடங்கியதும் 'அடுத்து என்ன வாங்குறது?' என்ற கேள்வி வந்துவிடும். ராம்நாட்டிலோ கீழக்கரையிலோ யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் இரண்டு பதில்தான். 'புள்ள வளந்துருச்சுல்ல, முன்னாடி பாக்குற சீட்டா வாங்கு' என்பது ஒன்று. 'எதுக்குக் காசைக் கொட்டுற, மடியில வச்சுக்கிட்டாப் போச்சு' என்பது இன்னொன்று.

கடையில் இருப்பவை நாலு விதம். பெரிய ஓடு (பிள்ளை உட்காரும் கூடு) உள்ள, இரண்டு பக்கமும் திருப்பி மாட்டக்கூடிய கன்வெர்ட்டிபிள் சீட் வாங்கி, பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி பின்பார்த்தே தொடரலாம். ஐந்து முனைப் பெல்ட் வைத்த முன்பார்த்த சீட்டுக்கு மாறலாம். பிறந்த குழந்தை முதல் பன்னிரண்டு வயது வரை என்று விற்கிற சுழலும் சீட் வாங்கலாம். பிள்ளையை உயர்த்தி உட்காரவைத்துக் காரின் பெல்ட்டையே போடவிடும் பூஸ்டருக்கு நேரே போய்விடலாம். மடியையும் சேர்த்தால் ஐந்து. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்ச் சாலைகளுக்கு முதல் வகைதான் சரி. மற்றவை எல்லாம் அதன் காலம் முடிந்த பிறகு.

மடியை முதலில் தீர்த்துவிடுவோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் மோதி, பத்தில் ஒரு விநாடியில் நிற்கிறது என்று வையுங்கள். மடியில் இருக்கும் 12 கிலோ பிள்ளையை அந்த நொடியில் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 170 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். அது எந்த அப்பத்தாவிடமும் இல்லை, இரும்பு தூக்குகிற இளவட்டத்திடமும் இல்லை. பெரியவரையும் பிள்ளையையும் ஒரே பெல்ட்டுக்குள் போட்டுக் கட்டுவது இன்னும் மோசம். பெரியவரின் எடை முழுக்கப் பிள்ளைமேல்தான் இறங்கும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தைச் சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஆனால் எந்த எடைக்கு எந்தச் சீட் என்று அந்தப் பிரிவு சொல்வதில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களுக்கான பெல்ட்டை மாட்டிவிட்டாலே அபராதத்திலிருந்து தப்பிவிடலாம். பிள்ளை தப்புமா என்பது வேறு விஷயம்.

இனி உண்மையான போட்டி: பின்பார்த்ததா, முன்பார்த்ததா.

மதுரையிலிருந்து பரமக்குடி வரை நால்வழிச் சாலை. அதற்கு இந்தப் பக்கம் ராமநாதபுரம் வரை இருவழிதான். அந்த 46.7 கிலோமீட்டரையும் நால்வழியாக்க ஒன்றிய அமைச்சரவை 2025-ல் ஒப்புதல் தந்திருக்கிறது. வேலை முடியும்வரை நாம் எதிர்வண்டியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். தொண்டி, தேவிபட்டினம் வழியாக வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் சாயல்குடிப் பக்கமும் இதே கதைதான். பஸ் மீன் வண்டியை ஏறி முந்தும், எதிரே வருகிறவர் சீமைக்கருவேல முள்ளை ஒட்டி ஒதுங்குவார். இப்படிப்பட்ட சாலையில் முதலில் அஞ்ச வேண்டியது நேருக்கு நேர் மோதலைத்தான். பின்பார்த்த சீட் நன்றாக வேலை செய்வதும் அந்த மோதலில்தான்.

காரணம் பிள்ளையின் உடம்பிலேயே இருக்கிறது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்வாசி தலை. பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குதான். ஓடியாடுகிற வயதிலும் தலை பெரிது, கழுத்து சின்னது, கழுத்தெலும்புகள் முழுசாக இறுகியிருக்காது. முன்பார்த்து உட்கார்ந்த பிள்ளையின் உடம்பைப் பெல்ட் பிடித்து நிறுத்தும், தலை மட்டும் முன்னால் பறக்கும். அந்த இழுப்பு முழுவதும் கழுத்துக்குப் போகும். பின்பார்த்து உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாம் சேர்ந்து ஓட்டுக்குள் அமுங்கும். ஒரே இடத்தில் விழ வேண்டிய அடி முதுகு முழுக்கப் பரவிவிடுகிறது.

அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018-ல் 'இரண்டு வயதுவரை' என்ற தன் பழைய எல்லையை எடுத்துவிட்டு, சீட் அனுமதிக்கும் அதிகபட்ச எடையோ உயரமோ வரும்வரை பின்பார்த்தே வையுங்கள் என்றது. சுவீடனில் நான்கு வயதுவரைகூட இப்படி வைப்பது சாதாரணம். ஐரோப்பாவின் ஆர்129 விதி 15 மாதத்துக்கு முன் திருப்பவே கூடாது என்கிறது. நம்மவர்கள் பலர் அதைத் 'பதினஞ்சு மாசம் ஆயிருச்சு, திருப்பிரலாம்' என்று புரிந்துகொள்கிறார்கள். அது தரை, கூரை இல்லை.

சரி, எவ்வளவு காலம் தாங்கும்? உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயது ஆண்பிள்ளையின் நடுத்தர எடை 12.2 கிலோ, மூன்று வயதில் 14.3, நான்கில் 16.3. பெண்பிள்ளைக்குச் சற்றுக் குறைவு. பின்பார்த்து 13 கிலோவோடு முடிகிற சீட் என்றால் இரண்டரை வயதுவாக்கில் நிறுத்த வேண்டிவரும். 18 கிலோ வரை போகிற சீட்டில் எடைக் கணக்கு மட்டும் பார்த்தால் நான்கு வயது தாண்டியும் இடமிருக்கும். நடைமுறையில் எடைக்கு முன்னால் உயரம்தான் முந்திக்கொள்ளும். உச்சந்தலைக்கும் ஓட்டின் மேல் விளிம்புக்கும் இடையே இரண்டரை சென்டிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது பல சீட்டுகளின் விதி. உங்கள் சீட்டின் கையேடு வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

ஆகவே பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் '0–18 கிலோ'வைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். ஸ்டிக்கரில் எண்கள் தனித்தனியாக இருக்கும். விலை குறைந்த சீட்டுகள் பலவற்றில் பின்பார்த்து 10 அல்லது 13 கிலோ வரைதான். அதற்குமேல் முன்பார்த்துத்தான் 18. ஜோயி ஸ்டேஜஸ் போன்ற சில சீட்டுகள் பின்பார்த்தே 18 கிலோ வரை போகும். காரின் பெல்ட்டாலேயே கட்டலாம் என்பதால் ஐசோஃபிக்ஸ் கொக்கி (பெல்ட் இல்லாமலே சீட்டைக் காரோடு மாட்டும் பிடி) இல்லாத பழைய வண்டிக்கும் ஆகும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, 'பின்னாடி பாத்து எத்தனை கிலோ வரைக்கும்?'

இதற்கு எதிராக வீட்டில் எழுகிற முதல் குரலை நான் நன்றாக அறிவேன்.

"காலு மடங்கிக் கெடக்கு பாரு ஆத்தா, புள்ளைக்கு வலிக்காது? திருப்பி வய்யி."

"இல்லத்தே, வீட்டுல அவனே சம்மணம் போட்டுத்தான உக்காந்துருக்கான்."

மருமகள் சொன்னதுதான் சரி. கால் மடங்குவது சீட்டைத் திருப்பக் காரணமே இல்லை. பிள்ளைகள் சம்மணம் போட்டுக்கொள்வார்கள், காலைச் சாய்மானத்தின்மேல் தூக்கிப் போட்டுக்கொள்வார்கள்.

பின்பார்த்த சீட்டின் மெய்யான குறை வேறு: அது இடத்தைத் தின்னும். வேகன் ஆர், ஸ்விஃப்ட் போன்ற வண்டியில் பெரிய ஓடு உள்ள சீட்டைப் பின்பார்த்து வைத்தால் முன்சீட்டை நகர்த்த வேண்டும், உயரமானவர் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கைக்குழந்தை அளவுக்குச் சாய்வு தேவையில்லை. கையேடு அனுமதிக்கும் நிமிர்ந்த கோணத்தில் வைத்தால் ஓரளவு இடம் மீளும். ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பதைவிட இடதுபக்கம் வைப்பது நல்லது. பிள்ளையைச் சாலை ஓரமாக இறக்கலாம். இடம் போதவில்லை என்று முன்சீட்டுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். வேலை செய்யும் ஏர்பேக்குக்கு முன்னால் பின்பார்த்த சீட் வைப்பது உயிருக்கே ஆபத்து.

முன்பார்த்த சீட்டை நான் ஒதுக்கவில்லை. பின்பார்த்த சீட்டின் எல்லையைப் பிள்ளை தாண்டியதும் அதுதான் அடுத்த படி. அதில் பலர் கவனிக்காமல் விடுவது மேலிருந்து பின்னால் போகும் டாப் டெதர் பட்டை. அதைச் சரியாக மாட்டினால் மோதலில் தலை முன்னால் போகும் தூரம் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை குறையும். முன்சீட்டின் முதுகில் தலை மோதுகிறதா இல்லையா என்பதை அந்தத் தூரம் தீர்மானிக்கலாம். கொக்கி சில வண்டியில் பின்சீட்டின் முதுகில் இருக்கும், சிலவற்றில் டிக்கியில். சாமான் கட்டுகிற வளையத்தில் மாட்டிவிட்டு டெதர் போட்டாச்சு என்று நினைத்துவிடக் கூடாது; காரின் கையேட்டில் படம் இருக்கும். தோள் பெல்ட் வெளிவரும் துளையும் மாறும்: பின்பார்த்தால் தோளுக்குச் சமமாகவோ கீழேயோ, முன்பார்த்தால் சமமாகவோ மேலேயோ.

சுழலும் சீட் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கதவுப் பக்கம் திருப்பிப் பிள்ளையை உட்காரவைத்து, கிளிக் என்று உள்ளே திருப்பிவிடலாம். இடுப்பு வலிக்காரப் பாட்டிக்கு அது பெரிய உதவி. ஆனால் சீட்டே 12 முதல் 15 கிலோ கனக்கும். ஐரோப்பிய விதியில் ஐசோஃபிக்ஸ் கொக்கி தாங்க வேண்டிய சீட்டும் பிள்ளையும் சேர்ந்த எடை 33 கிலோ. சீட் 14 கிலோ என்றால் பிள்ளைக்கு மிச்சம் 19 கிலோதான். அதற்குமேல் 36 கிலோ வரை என்று போட்டிருப்பது, காரின் பெல்ட்டை நேரே பிள்ளைமேல் போட்டு அதை பூஸ்டராக மாற்றும்போதுதான். சீட்டிலிருந்து காரின் தளத்தில் ஊன்றும் முட்டுக்கால் வைத்த மாடலாக இருந்தால், தளத்தில் சாமான் பெட்டி உள்ள வண்டியில் அந்தப் பெட்டியின்மேல் முட்டுக்காலை நிற்க வைக்கக் கூடாது. பன்னிரண்டு வயதுவரை ஒரே சீட் என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. உப்புக்காற்றிலும் வெயிலிலும் நுரையும் பிளாஸ்டிக்கும் அவ்வளவு காலம் உழைத்த பிறகு அதில் யார் பிள்ளையை உட்காரவைப்பது? வாப்பா வெளிநாட்டில், வண்டியோ வாடகைக்கு எடுப்பது என்று இருக்கிற வீட்டுக்கு இது இன்னும் பொருந்தாது. ஒவ்வொரு முறையும் வண்டி மாற்றி மாட்ட வேண்டிய வீட்டுக்குப் பெல்ட்டால் கட்டுகிற, கனம் குறைந்த சீட்டே மேல். சரியாக மாட்டினால் பெல்ட்டுக்கும் ஐசோஃபிக்ஸுக்கும் பாதுகாப்பில் வித்தியாசமில்லை. மாட்டியபின் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப்பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு சொல். வளைகுடாக் கடைகளில் ஐரோப்பிய முத்திரை, அமெரிக்க முத்திரை இரண்டும் கிடைக்கும். அமெரிக்கக் கார்களில் பயணி பெல்ட்டை முழுசாக இழுத்தால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு 1990-களின் நடுவிலிருந்து கட்டாயம். அங்கே செய்யும் சீட்டுகள் பல அதை நம்பியே இருக்கும். நம் கார்களில் பெரும்பாலும் பெல்ட் சட்டென்று இழுத்தால்தான் பிடிக்கும், மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். அதனால் பெல்ட்டைப் பிடித்துப் பூட்டும் கிளிப் சீட்டிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆரஞ்சு நிற ஐரோப்பிய முத்திரையில் ஆர்44, ஆர்129 என்று இரண்டு இருக்கும். ஆர்129-ல் பக்கவாட்டு மோதல் சோதனையும் உண்டு, ஆர்44-ல் இல்லை.

பூஸ்டரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று வயதுக்கு அது வேண்டாம். நான்கு வயதாவது ஆகி, 18 கிலோ தொட்டு, தூங்கினாலும் சரிந்து விழாமல் பயணம் முழுக்க நேராக உட்காரத் தெரிந்த பிறகுதான். அதுவும் தோள் பெல்ட் உள்ள இடத்தில் மட்டும். நடுசீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள பழைய வண்டியில் பூஸ்டர் போடவே கூடாது. விலை குறைவு என்பதற்காகக் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அசைய வேண்டாம்.

நம் பக்கத்து வெயில் எல்லாச் சீட்டுக்கும் பொது எதிரி. பின்பார்த்த ஓடு ஆழமானது, ஏசிக் காற்றும் சரியாகப் போகாது, பிள்ளை முதுகு நனைந்துவிடும். மெல்லிய பருத்திச் சட்டை போதும். தனியாக விற்கிற மெத்தையை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள், மோதலில் அது அமுங்கிப் பெல்ட் தளர்ந்துவிடும். கறுப்புத் துணிக்குப் பதில் வெளிர் நிறம் வாங்குங்கள். வண்டியை நிறுத்தும்போது பக்கிள்மேல் வெள்ளைத் துண்டைப் போட்டு வையுங்கள். வெயிலில் காய்ந்த இரும்பு தொடையைச் சுட்டுவிடும். 'ஒரு நிமிஷம்தான்' என்று பிள்ளையை வண்டிக்குள் விட்டுப் போகவே கூடாது.

அரிச்சல்முனைக்கோ அரியமானுக்கோ போய்வந்தால் மணல் பக்கிளுக்குள் போய்விடும், கிளிக் சத்தம் மந்தமாகும். கையேடு அனுமதித்தால் பக்கிளை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். தேங்காயெண்ணெயோ கிரீஸோ விடக் கூடாது. மணல் அதில் இன்னும் ஒட்டும். பட்டையைச் சோப்புத் தூளில் ஊறப்போடுவதும் இஸ்திரி போடுவதும் அதன் பலத்தைக் குறைக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

சொந்தக்காரர் வீட்டுச் சீட் சும்மா கிடைத்தால் வாங்கலாமா? அது மோதிய வண்டியில் இருந்ததில்லை என்று அவர் நேரிலேயே உறுதியாகச் சொல்ல வேண்டும். ஓட்டின் அடியிலோ பக்கத்திலோ செய்த தேதி அச்சாகியிருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஆறு முதல் பத்து ஆண்டு வரைதான் காலம் கொடுக்கிறார்கள். தேதி ஸ்டிக்கரும் முத்திரையும் கிழிந்துபோயிருந்தால் விலை கேட்காமலே திரும்பிவிடுங்கள்.