மினி-விப் ஆண்டெனா: பெட்டியை விடக் கம்பத்தைக் கவனியுங்கள்

கோவில்பட்டியில் மாடி வீடு எனக்கு. சுற்றிலும் எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு சோலார். 100 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளமே 3 கிலோமீட்டர், அதற்குக் கம்பி கட்ட யாரிடம் இடம் இருக்கிறது? அதனால் ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் மினி-விப் ஒன்றை வாங்கினேன்; நீளக் கம்பி இல்லாமலே இப்படித் தாழ்ந்த அலைவரிசைகளைக் கேட்க உதவும் குட்டி ஆண்டெனா அது. நெதர்லாந்து அமெச்சூர் ரேடியோக்காரர் ரூலொஃப் பாக்கர் வடிவமைத்த சர்க்யூட்டின் நகல்தான் இது. தீப்பெட்டி அளவில் ஒரு செம்புத் தகடு, அதன் பின்னால் ஜே310 எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்), அதற்கும் பின்னால் சிக்னலைக் கேபிளுக்குள் தள்ள இன்னொரு டிரான்சிஸ்டர். 12 வோல்ட் மின்சாரம், சிக்னல் இறங்கும் கோஆக்ஸ் கேபிள் (டிவி கேபிள் மாதிரி, நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ளது) வழியாகவே மேலே போகிறது. சால்டரிங் சுத்தமாக இருந்தது. மூடியின் ரப்பர் வளையம் மட்டும் சுமார், சிலிகான் பூசிக்கொள்ளுங்கள்.

கூட வந்த தாளில் 'எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது' என்று போட்டிருந்தது. அது பாதிதான் சரி.

அந்தக் குட்டித் தகடு தனியாக அலையைப் பிடிப்பதில்லை. தகடு இருக்கும் உயரத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள மின்னழுத்த வித்தியாசத்தைத்தான் சர்க்யூட் பார்க்கிறது. கோஆக்ஸின் வெளிப்பின்னல் தரையின் அழுத்தத்தை மேலே கொண்டுபோகிறது. ஆக, கேபிளும் கம்பமும் ஆண்டெனாவின் பாதி. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் சிக்னல் சுமார் 6 டெசிபல் ஏறும், அதாவது அதன் மின்னழுத்தமும் இரண்டு மடங்காகும். மொட்டை மாடியில் 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குத் தூக்கியபோது, ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து 19.8 கிலோஹெர்ட்ஸில் வரும் கடற்படை நிலையம் ஏறக்குறைய அவ்வளவே ஏறியது. ரிசீவர் எஸ்டிஆர்பிளே, கம்ப்யூட்டரோடு இணைத்துக் கேட்பது, 1 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கும்.

மாடியில் வைத்தால் தெருவிலிருந்து அளக்காதீர்கள். தளத்துக்குள் ஓடும் கம்பிகளும் வயரிங்கும் தளத்தையே கிட்டத்தட்டத் தரை ஆக்கிவிடுகின்றன. கட்டடத்தின் உச்சியில் மின்புலம் கொஞ்சம் குவிவது உண்மைதான், ஆனாலும் கணக்குக்கு வருவது பெரும்பாலும் தளத்துக்கு மேலே நிற்கும் உயரம். கைப்பிடிச் சுவருக்குக் கீழே வைத்தால் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்து மறைத்துவிடும். இரும்புக் கம்பத்தோடு ஒட்டிக் கட்டினாலும் அதே கதி. நான் ஜிஐ பைப்பின் தலையில் அரை மீட்டர் பிவிசி துண்டைச் செருகி, அதன் உச்சியில் பெட்டியை வைத்திருக்கிறேன்.

உயரத்தின் இன்னொரு லாபம் இரைச்சல். வீட்டு வயரிங்கின் இரைச்சல் நாலடி தள்ளிப் போனாலே வேகமாகக் குறையும், தூரத்து நிலையமோ ஏறிக்கொண்டே போகும். ஆனால் ஒரு நிபந்தனை: கம்ப்யூட்டரின் இரைச்சல் கேபிளின் வெளிப்பின்னல் வழியே ஏறினால் எந்த உயரமும் உதவாது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன்பே பின்னலைத் தனி எர்த் கம்பியில் இணைத்து, உள்ளே வரும் பக்கம் கேபிளை ஃபெரைட் வளையத்தில் (பின்னல் வழியே ஏறும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) சில சுற்று சுற்றினேன். 200 முதல் 400 கிலோஹெர்ட்ஸ் வரை திரையில் மண்டியிருந்த கோடுகள் பெரும்பாலும் போய்விட்டன. காசுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை இந்தப் பெட்டிக்கு வேறெதுவும் செய்ய முடியாது.

அப்படியானால் 6 மீட்டர் ஏற்றலாமே? ஏற்றிப் பார்த்தேன், இறக்கிவிட்டேன். நம் ஊர் வெப்பமண்டலம். எங்கோ இடிக்கும் மின்னலின் கரகரப்பு இந்த அலைவரிசைகளில் எப்போதும் உண்டு. பெட்டியின் சொந்த இரைச்சலை அந்தக் கரகரப்பு தாண்டிவிட்ட பிறகு, உயர்த்தினால் சிக்னலும் கரகரப்பும் சேர்ந்தே ஏறும். கேட்பது தெளிவாவதில்லை. மாறாக, தூத்துக்குடி வானொலி 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட்டில் ஓடும்போது, அதன் இரண்டு மடங்கான 2106-இல் அதன் பேய், அதாவது போலிச் சிக்னல், எழுந்தது. பெட்டிக்கும் ரிசீவருக்கும் நடுவில் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) போட்டால் பேயும் அதே 10 தான் இறங்குகிறது. ரிசீவரில் பிறந்திருந்தால் 20 இறங்கியிருக்கும், ஆக அது மேலே பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது. தெற்கே விஜயநாராயணத்திலிருந்து கடற்படையின் 18.2 கிலோஹெர்ட்ஸ் வேறு. நூற்றுக்கணக்கான மீட்டர் கோபுரங்களிலிருந்து வருவதைக் கேட்க எனக்குத் தளத்துக்கு மேல் 3 மீட்டர் தாராளம்.

பெரிய நிலையங்களிலிருந்து தள்ளி, கிராமத்து வெட்டவெளியில் இருப்பவர்கள் 5 மீட்டர் வரை போய்ப் பார்க்கலாம். ஒரு மீட்டர் ஏற்றும்போது சிக்னலும் பின்னணி இரைச்சலும் ஒரே அளவு ஏறினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் கேபிளை ரிசீவரிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுவேன். ஜே310 போனால் போகட்டும், மாற்றிக்கொள்ளலாம். ரிசீவர் விலை அப்படியில்லை. பவர் சப்ளைக்கு மொபைல் சார்ஜர் மாதிரி ஸ்விட்சிங் வகை வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதோ 12 வோல்ட் பேட்டரியோ போதும். பெட்டிக்கு ஐந்தில் நாலு தருவேன், அந்தத் தாளுக்கு ஒன்று.