சூயிங்கமா, பேட்ச்சா?

தர்மபுரி பேருந்து நிலையத்தில் டீ கைக்கு வந்ததும் விரல் தானாகச் சிகரெட்டைத் தேடும். சிகரெட்டை விட முயல்பவரின் அந்தச் சில நிமிடத் தவிப்புக்கு என் ஓட்டு நிக்கோடின் சூயிங்கத்துக்குத்தான். ஆனால் மிட்டாய் மாதிரி மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2. அப்புறம், டீ குடித்துக் கால் மணி நேரம் கழித்தே போட வேண்டும். டீக்கடையில் தவிப்பவனுக்கு இது பெரிய சோதனை!

தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டையான பேட்ச்சைக் காலையில் ஒட்டினால் நாள் முழுக்க நிக்கோடின் சீராக இறங்கும். திடீர் ஆசையை உடனே அடக்காது. தினம் இடம் மாற்றாவிட்டால் தோல் அரிக்கும். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் கை ஓயாதவருக்கு இதுதான் தோது. இரண்டையும் சேர்த்தும் மருத்துவர்கள் தருவதுண்டு. புகையிலையை விட உதவும் 1800-112-356 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.