குதிகால் வலிக்குக் கரண்ட் வைத்தால்: மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள்

குதிகால் வலிக்குக் கரண்ட் வைத்து, அதாவது கதிர் சிகிச்சை எடுத்து, ஒரு மாதமாகியும் காலையில் முதல் அடி வைக்க முடியவில்லை என்று மனம் உடைந்து போகாதீர்கள். குதிகாலுக்கு வைக்கும் கதிர் மெதுவாகத்தான் வேலை செய்யும். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். முதல் சில நாள் வலி கூடுவதும் உண்டு, தானே தணிந்துவிடும்.

அளவு தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். கதிரை கிரே என்ற அலகில் அளப்பார்கள். ஒரு தடவைக்கு 0.5 அல்லது 1 கிரே, வாரம் இரண்டு தடவை, மொத்தம் 6 தடவை. ஆக 3 முதல் 6 கிரே. புற்றுநோய்க்கு 50, 60 கிரே வரை வைப்பார்கள். ஜெர்மனியில் 2012-ல் வெளியான ஒப்பீட்டில், தடவைக்கு 0.1 கிரே வாங்கியவர்களைவிட 1 கிரே வாங்கியவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வில் 0.5 கிரேயும் 1 கிரேக்கு ஈடாக நின்றது. அதனால் 0.5 போதுமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கதிர் விழுவது ஓரிரு நிமிடம்தான். சூடு தெரியாது. காலில் மை அடையாளம் போட்டிருந்தால் அழிய விடாதீர்கள். அந்த மூன்று வாரமும் உப்புத்தண்ணீரில் நிற்காமல் இருப்பது நல்லது.

விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15-ல் தொடங்கும் தடைக்காலம்தான் தோது. முதல் வாரமே ஆரம்பித்தால் கதிர் வைக்க மதுரைக்குப் போகும் ஆறு நடையும் மே முதல் வாரத்தில் முடியும். ஜூன் 14 வரை காலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

மறுபடி எக்ஸ்ரே எடுத்து, குதிகால் எலும்பில் வளர்ந்த முள் அப்படியே இருக்கிறதே என்று பலர் கலங்குகிறார்கள். கதிர் எலும்பைக் கரைக்காது, அழற்சியைத்தான் அடக்கும். முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறையப் பேர்.

கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. 40 வயதுக்குள் இருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது. பிற்காலப் புற்றுநோய் அபாயம் மிகச் சிறியது என்றாலும் இளவயதில் அது கூடுதல். யாராயினும் ஆறு மாதமாவது மற்ற வைத்தியத்தை ஒழுங்காகச் செய்து பார்த்த பிறகே இதற்கு வரவேண்டும்: எழுந்திருக்கும் முன் துண்டை விரலடியில் போட்டு 30 விநாடி இழுப்பது, மூன்று தடவை, சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது, சிலிகான் குதிப்பட்டை. கரண்ட் வைத்தபின் இவற்றை விட்டுவிட்டு, சிமெண்ட் தளத்தில் வெறுங்காலோடு நாள் முழுக்க மீன் பிரித்தால் வலி திரும்பும்.

12 வாரத்திலும் போதவில்லை என்றால் இரண்டாவது சுற்று வைக்கலாம். அப்போது முதல் சுற்றின் கிரே கணக்கு எழுதிய தாள் கட்டாயம் தேவைப்படும். இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.