ரெய்காவா, தி வயரா?

டர்பனில் இருந்துகொண்டு அரசியல் பேசும் குற்றத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால், இந்த இரண்டில் எதைப் பார்ப்பது? 2021இல் வந்த 'ரெய்கா' நம்ம தென்னாப்பிரிக்காக் கதை. குவாசுலு-நட்டால் கரும்புக் காட்டில் பெண்களின் பிணங்கள் கிடைக்கின்றன. துப்புத் துலக்குபவளே சிறுவயதில் கடத்தப்பட்டவள். 1860 முதல் நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வெட்டிய கரும்பல்லவா, காட்சிகள் உறுத்துகின்றன. ஆனாலும் பழி பெரும்பாலும் தனிமனித வக்கிரத்தின் மேல்தான் விழுகிறது.

2002 முதல் 2008 வரை ஓடிய 'தி வயர்' அமெரிக்காவின் பால்டிமோர் நகரையே கூண்டில் ஏற்றுகிறது. குற்றக் கணக்கைக் குறைத்துக் காட்டச் சொல்லிக் கூட்டத்தில் போலீஸ் மேலதிகாரிகள் கீழே உள்ளவர்களை வறுத்தெடுப்பார்கள். நான்காம் சீசனில் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணிலும் அதே தில்லுமுல்லு. இரண்டாம் சீசனில் துறைமுகத் தொழிலாளர்களுக்கு வேலை வற்றிப்போகும் கதை டர்பன்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

அரசியல் வேண்டுமென்றால் என் ஓட்டு வயருக்கே. மெதுவாகத்தான் போகும், சரி. நாலு எபிசோடு பொறுத்துக்கொள்ளுங்கள்.